அச்சேறாத போர்: சோவியத் ராணுவ நினைவுநூல்களும் தணிக்கையும், 1945–2007

1969இல் மாஸ்கோவில் வெளிவந்த மார்ஷல் கியோர்கி ஜுகோவின் ‘நினைவுகளும் சிந்தனைகளும்’ நூலில் 1943 ஏப்ரல் மாதத்தைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. வடக்குக் காக்கசஸ் போர்முனைக்கு வந்த ஜுகோவ், நோவோரோஸிஸ்க் அருகே கடற்கரையில் ஒரு சிறு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்திருந்த 18ஆம் படையின் நிலவரத்தை ஆராய்கிறார். அந்தத் துண்டுக்கு மலாயா ஜெம்லியா என்று பெயர். படையின் அரசியல் துறைத் தலைவரான கர்னல் பிரெஷ்னேவிடம் ஆலோசிக்க விரும்பியதாகவும், கர்னல் அப்போது அந்தக் கரையிலேயே போரில் இருந்ததால் சந்திக்க முடியவில்லை என்றும் அதே பகுதி சொல்கிறது.

ஜுகோவ் அப்போது முழு சோவியத் ராணுவத்துக்கும் துணைத் தலைமைத் தளபதி. ஸ்டாலினுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். ஒரு படையின் அரசியல் துறைக் கர்னலை அவர் ஆலோசனைக்காகத் தேடினார் என்பதைப் போரில் இருந்த எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த வாக்கியம் ஜுகோவின் மூலப்படியில் இல்லை. நூலின் பதிப்பாசிரியராக இருந்த அன்னா மிர்கினா பின்னாளில் எழுதியபடி, நாட்டின் தலைவராகிவிட்ட பிரெஷ்னேவின் பெயர் இடம்பெறாமல் நூல் வெளிவராது என்ற நிலை வந்தபோது அது சேர்க்கப்பட்டது. புரிந்துகொள்ள வேண்டியவர்கள் புரிந்துகொள்வார்கள் என்ற எண்ணத்தோடு மார்ஷல் இணங்கினார்.

தணிக்கை என்றதும் வெட்டப்பட்ட பக்கங்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சோவியத் போர் நினைவுநூல்களின் வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்தால் மூன்று வேலைகள் ஒன்றாக நடந்திருப்பது தெரிகிறது. நடந்தது வெட்டப்பட்டது; நடக்காதது சேர்க்கப்பட்டது; எழுதியிருக்கக்கூடியவர்கள் எழுதாமலேயே நின்றார்கள். முதல் இரண்டின் தடயங்களை இன்று மூலப்படிகளோடு ஒப்பிட்டு மீட்டுவிடலாம். மூன்றாவதன் இழப்பே பெரிது என்பதும், ஆய்வுகள் அதற்குப் போதிய கவனம் தரவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

போரின் நடுவே

தணிக்கை போருக்குப் பிறகு வந்ததல்ல. கிளாவ்லிட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தணிக்கைத் தலைமையகம் 1922 ஜூனிலேயே தொடங்கப்பட்டது. அச்சில் வரக்கூடாத செய்திகளின் பட்டியல் அதன் கையில் இருந்தது. காலத்துக்கேற்ப அந்தப் பட்டியல் நீண்டது. போர் மூண்டதும் ராணுவத் தணிக்கை அதனோடு சேர்ந்துகொண்டது. போர்முனைச் சிப்பாய்கள் உறை கிடைக்காமல் தாளையே முக்கோணமாக மடித்து வீட்டுக்கு அனுப்பிய கடிதங்களில் ‘ராணுவத் தணிக்கையால் பார்வையிடப்பட்டது’ என்ற முத்திரை இருக்கும். ஊர்ப்பெயர், படைப்பிரிவு, இழப்பு ஆகியவை மைபூசி மறைக்கப்பட்டன. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதைச் சிப்பாய் தன் தாய்க்கு எழுதும் கடிதத்திலேயே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் நினைவுக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்து உட்கார்ந்தது.

கடிதம் எழுதியதற்காகவே சிறை சென்றவர்களும் உண்டு. பீரங்கிப்படை கேப்டனாக இருந்த அலெக்சாண்டர் சோல்ஜெனித்சின் 1945 பிப்ரவரியில் கிழக்குப் பிரஷ்யாவில் கைதானார். வேறொரு முனையில் இருந்த பள்ளித் தோழருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினை விமர்சித்ததே குற்றம். அவரிடம் இருந்த போர்க்கால நாட்குறிப்பேடுகள் மாஸ்கோவின் லுபியன்கா சிறையில் எரிக்கப்பட்டன. தம்மோடு பணியாற்றியவர்களும் தாம் சந்தித்த சிப்பாய்களும் சொன்ன கதைகள் அவற்றில் இருந்தன. பின்னாளில் எத்தனையோ ஆயிரம் பக்கங்கள் எழுதிய அந்த மனிதர் இந்தக் குறிப்பேடுகளுக்காக வருந்தியது பலருக்குத் தெரியாது.

அதே கிழக்குப் பிரஷ்யாவில், அதே 1945இல், எதிரிப் படைக்கான பிரசாரப் பணியில் இருந்த லெவ் கோபெலெவும் கைதானார். ஜெர்மானியப் பொதுமக்கள்மீது நடந்த கொள்ளையையும் வன்புணர்வையும் தடுக்க முனைந்ததே அவர் செய்தது. ‘முதலாளித்துவ மனிதாபிமானம்’, ‘எதிரிமீது இரக்கம்’ என்று குற்றச்சாட்டு எழுதப்பட்டது. அந்த நாட்களைப் பற்றிய அவரது நினைவுநூல் 1975இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ருஷ்ய மொழியிலேயே அச்சானது. 1981இல் அவரது சோவியத் குடியுரிமை பறிக்கப்பட்டது. தாய்நாட்டில் அந்த நூலை வாசிக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பனி உருகிய ஆண்டுகளும் அதன் எல்லையும்

ஸ்டாலின் உயிரோடு இருந்தவரை போர் வெற்றி ஒருவருக்கே உரியதாக இருந்தது. தளபதிகள் நினைவுநூல் எழுதுவதற்கு இடமே இல்லை. ஜுகோவே 1946இல் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டு ஒதேசாவுக்கும், 1948இல் யூரல் ராணுவ வட்டாரத்துக்கும் அனுப்பப்பட்டார். அந்த ஆண்டுகளில் போரின் உண்மை முகம் தெரிந்த ஒரே வாசல் புனைகதை. ராணுவப் பொறியாளராகப் போரிட்ட விக்தர் நெக்ராசோவின் ‘ஸ்டாலின்கிராட் பதுங்குகுழிகளில்’ 1946இல் வந்து, மறுவருடம் ஸ்டாலின் பரிசையும் பெற்றது. 1974இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறியபின் அதே புத்தகம் நூலகங்களிலிருந்து எடுக்கப்பட்டது. நம்மவர்களில் ஒரு தலைமுறை மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் வழியாகத்தான் அந்தப் போரை அறிந்தது. பொரீஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’ எத்தனை வீட்டு அலமாரிகளில் இருந்தது! நம் கைக்கு வந்த அந்த வீரம் பொய்யல்ல. அதன் அருகே வைத்து வாசிக்க வேண்டிய வேறு பக்கங்கள் நமக்கு மட்டுமல்ல, ருஷ்ய வாசகருக்கும் அப்போது கிடைக்கவில்லை.

1956 பிப்ரவரியில் கட்சியின் 20ஆவது மாநாட்டில் குருஷேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசியது கதவைக் கொஞ்சம் திறந்தது. 1959இல் ‘ராணுவ வரலாற்று இதழ்’ மீண்டும் தொடங்கியது. ராணுவப் பதிப்பகம் நினைவுநூல் வரிசை ஒன்றை நடத்தியது. தளபதிகள் ஒருவர்பின் ஒருவராக எழுதினார்கள். ஜெர்மானியப் படையெடுப்பு தொடங்கிய 1941 ஜூன் 22ஆம் நாளின் பேரழிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை இப்போது கேட்கலாம் என்றாயிற்று. ஆனால் பதில் ஒன்றே: ஸ்டாலின். வேறு பதில் சொல்லக்கூடாது. ஸ்டாலினுக்குப் பதிலாகக் குருஷேவின் போர்ப் பங்கு நூல்களில் பெருத்தது. 1960க்கும் 1965க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வெளிவந்த அதிகாரப்பூர்வப் போர் வரலாற்றில் ஜுகோவ் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார். 1957 அக்டோபரில் அவரைப் பாதுகாப்பு அமைச்சர் பதவியிலிருந்து நீக்கியதே குருஷேவ்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

1964 அக்டோபரில் குருஷேவ் வீழ்ந்தார். அவர் பெயர் மறைந்தது. ஸ்டாலின்மீதான விமர்சனமும் மெல்லச் சுருங்கியது. அலெக்சாண்டர் நெக்ரிச் என்ற வரலாற்றாசிரியர் 1941இன் ஆயத்தமின்மையைப் பற்றிய ‘1941 ஜூன் 22’ நூலை 1965இல் தணிக்கையின் அனுமதியோடுதான் வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1967இல், அந்த நூலுக்காகவே கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். சட்டப்படி அச்சான புத்தகம், எழுதியவரை நாடிழக்கச் செய்தது. 1976இல் அவர் புலம்பெயர்ந்தார். இந்த நிகழ்வை நினைவுநூல் எழுதிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஓய்வுபெற்ற அதிகாரியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு மார்ஷலின் மூலப்படி

பதவி நீக்கத்துக்குப்பின் ஜுகோவ் மாஸ்கோவுக்கு வெளியே சோஸ்னோவ்காவில் உள்ள வீட்டில் எழுதத் தொடங்கினார். அச்சாகும் என்ற உறுதி எதுவும் இல்லை. 1963 மே மாதத்தில் உளவுத்துறைத் தலைவர் செமிசாஸ்த்னி குருஷேவுக்கு அனுப்பிய அறிக்கை பின்னாளில் ஆவணக் காப்பகங்களிலிருந்து வெளிவந்தது. மார்ஷலின் வீட்டில் அவர் பேசியதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது: அதிகாரப்பூர்வ வரலாறு பூசிமெழுகப்பட்டது, ஜெர்மன் தளபதிகளின் எழுத்து அதைவிட நேர்மையானது, தான் உள்ளதை உள்ளபடி எழுதி வருகிறேன் என்ற கருத்துகள். கட்சியின் உச்சக்குழு கூடி அவரை அழைத்து எச்சரிக்கவும், திருந்தாவிட்டால் கட்சியைவிட்டு நீக்கிக் கைது செய்யவும் முடிவெடுத்தது. எச்சரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டவர்களில் ஒருவர் லியோனித் பிரெஷ்னேவ். அச்சேறாத ஒரு கையெழுத்துப் படிக்காக, நாட்டைக் காப்பாற்றியவர் என்று மக்கள் போற்றிய ஒருவரைக் கைது செய்வதுவரை ஓர் அரசு யோசித்தது.

1965இல் காற்று திரும்பியது. வெற்றியின் 20ஆம் ஆண்டு நிறைவுக்காக மே 8ஆம் தேதி கிரெம்ளினில் நடந்த கூட்டத்துக்கு அவரும் அழைக்கப்பட்டார். அவர் பெயர் சொல்லப்பட்டதும் அவையே எழுந்து கைதட்டியது. அதே ஆண்டு நோவோஸ்தி செய்தி நிறுவனம் நினைவுநூலுக்கு ஒப்பந்தம் செய்தது. 1966இல் மூலப்படி ஒப்படைக்கப்பட்டது. பிறகு அது மேசைக்கு மேசை நகர்ந்தது; ராணுவ அரசியல் தலைமையகம் படித்தது, பாதுகாப்பு அமைச்சர் கிரெச்கோவின் அமைச்சகம் கருத்து எழுதியது, மத்தியக் குழு யோசித்தது. ஆசிரியர் தன்னையே முன்னிறுத்துகிறார், கட்சியின் பங்கு போதாது, 1937–38இல் தளபதிகள் கைதானதைப் பற்றி இத்தனை எழுத வேண்டுமா என்பவை திரும்பத் திரும்ப வந்த குறைகள். 1968 தொடக்கத்தில் மார்ஷலுக்குப் பக்கவாதம் வந்தது. பிப்ரவரியில் பிரெஷ்னேவுக்கும் பிரதமர் கொசிகினுக்கும் அவர் எழுதிய கடிதத்தின் பிறகுதான் கோப்பு அசைந்தது. 1969இல் புத்தகம் வந்தபோது கடைகளில் வரிசை நின்றது.

அச்சில் வராமல் போனது என்ன? 1990இல் நோவோஸ்தி மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த பத்தாம் பதிப்பு, இளைய மகள் மரியாவிடம் இருந்த மூலப்படியை வைத்து விடுபட்ட பகுதிகளைச் சாய்வெழுத்தில் மீட்டுத் தந்தது. இரண்டு பதிப்புகளையும் பக்கம் பக்கமாக வைத்து வாசிப்பவருக்கு வெட்டின் போக்கு தெளிவாகப் புலப்படும். போர்க்களச் செய்திகளில் கைவைத்தது குறைவு. மிகுதியாக வெட்டுண்டது போருக்கு முந்திய ஆண்டுகள்.

அவற்றில் ஓர் இடத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1937இல் பெலாரஸ் ராணுவ வட்டாரத்தில் தளபதிகள் ஒருவர்பின் ஒருவராகக் கைதாகிக்கொண்டிருந்த நாட்கள். குதிரைப்படைத் தளபதியாக இருந்த ஜுகோவை வட்டார ராணுவக் குழுவின் உறுப்பினர் பிலிப் கோலிகோவ் அழைத்து விசாரிக்கிறார். கைதானவர்களில் உறவினர் உண்டா, நண்பர் உண்டா என்று கேட்கிறார். கைதான தளபதிகள் பலரோடு பழகியதை ஜுகோவ் மறுக்கவில்லை. அவர்கள் நாட்டுப்பற்று உள்ளவர்கள் என்றே தாம் நம்பியதாகச் சொல்கிறார். அவரது மனைவி மகள் எல்லாவுக்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் செய்வித்தார் என்ற புகாரும் அந்த விசாரணையில் வருகிறது. பிறகு கட்சிக் கூட்டத்தில் அவர்மீது குற்றம் சாட்டப்படுகிறது, எழுந்து நின்று தனக்காகத் தானே வாதாடுகிறார், தப்பிக்கிறார்.

1969 வாசகர் இதில் ஒரு வரியையும் பார்க்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்தக் கோலிகோவ் எங்கே இருந்தார் என்று பார்த்தால் தணிக்கையின் உள்ளமைப்பு விளங்கும். 1958 முதல் 1962 வரை அவர்தான் ராணுவ அரசியல் தலைமையகத்தின் தலைவர். 1961இல் அவரும் மார்ஷல் ஆனார். ராணுவத்தினரின் சொல்லுக்கு எல்லை வகுத்த நாற்காலியில் விசாரணையாளரே சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். நூல் வந்த ஆண்டில் அவர் உயிரோடும் மரியாதையோடும் இருந்தார். ஆகவே இந்த வெட்டை வெறும் கொள்கை முடிவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அரசின் பெயரால் நடந்த கொடுமைகளில் பங்கெடுத்தவர்கள் பதவியில் தொடர்ந்ததால்தான் அந்தக் கொடுமைகள் அச்சில் இடம் பெறவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பத்தாம் பதிப்பை ‘முழு உண்மை’ என்று கொண்டாடுவது அவசரம். தான் செஞ்சேனைத் தலைமைப் பணியகத்தின் தலைவராக இருந்த 1941இன் முதல் பாதியைப் பற்றி ஜுகோவ் தன் தவறுகளை ஓரளவு ஒப்புக்கொள்கிறார். 1942 நவம்பர், டிசம்பரில் ர்ஷேவ் பகுதியில் அவர் மேற்பார்வையில் நடந்து பெரும் இழப்போடு தோற்ற தாக்குதலை, ஸ்டாலின்கிராடுக்குத் துணையான ஒரு நடவடிக்கை என்று சுருக்கிவிடுகிறார். அங்கே வெட்டியது தணிக்கையாளரின் கை அல்ல. அரசின் தணிக்கை இத்தனை கடுமையாக இருந்ததால், ஆசிரியரின் சொந்த மௌனங்களும் அதன் கணக்கிலேயே எழுதப்பட்டுவிட்டன. ஆய்வாளர் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

சிறையைச் சொல்லாத நூலும் முடங்கிய நாட்குறிப்பும்

மார்ஷல் ரொகஸோவ்ஸ்கியின் ‘சிப்பாயின் கடமை’ 1968இல் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி அவர் இறந்தார். 1937 ஆகஸ்டில் கைதாகி, 1940 மார்ச் வரை சிறையில் இருந்து, சித்திரவதைக்கும் உட்பட்டவர் அவர். நூலில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை. சிறையை அவர் எழுதி வெட்டினார்களா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மீட்கப்பட்ட பதிப்பிலும் அது இல்லை. வெட்டப்பட்டவை வேறு: ஒன்பதாவது இயந்திரப் படைப்பிரிவின் தளபதியாக 1941இன் முதல் வாரங்களில் உக்ரைனின் சாலைகளில் அவர் கண்ட குழப்பம், கட்டளையின்றிச் சிதறிய படைகள், கள நிலை தெரியாமல் எதிர்த்தாக்குதலுக்கு உத்தரவிட்ட மேலிடத்தைப் பற்றிய கசப்பான மதிப்பீடு. அந்த மேலிடத்தில் ஜுகோவும் இருந்தார் என்பதால், இரு மார்ஷல்களின் வெட்டுண்ட பக்கங்களை எதிரெதிரே வைத்து வாசிக்கும்போது, அச்சில் ஒரே குரலாக ஒலித்த தளபதிகள் உள்ளே எவ்வளவு வேறுபட்டிருந்தார்கள் என்பது தெரிகிறது. போர் வரலாற்றுக்கு மிகவும் தேவைப்பட்ட விவாதம் அதுவே. நடந்திருந்தால் 1960களில், பங்கேற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே நடந்திருக்கும்.

எழுத்தாளர் கான்ஸ்தாந்தின் சிமனோவின் கதை இன்னும் துல்லியமானது, ஏனென்றால் அவர் நினைவிலிருந்து எழுதவில்லை. போர்ச் செய்தியாளராக 1941இல் வைத்திருந்த குறிப்புகளை 1942லேயே சுருக்கெழுத்தாளரிடம் சொல்லி எழுதுவித்தார். மொகிலெவ் நகருக்கு வெளியே புய்னிச்சி வயலில் கர்னல் குத்யேபவின் 388ஆவது காலாட்படைப் பிரிவு ஒரே நாளில் 39 ஜெர்மன் டாங்கிகளை அழித்ததை அங்கே போய்ப் பார்த்தவர் அவர். நாடு முழுவதும் பின்வாங்கல் செய்தி மட்டுமே வந்துகொண்டிருந்த ஜூலை அது. அந்தப் பிரிவில் மிகச் சிலரே பின்பு உயிர் தப்பினார்கள். 1966இல் இந்தக் குறிப்புகளுக்கு விரிவான உரையும் சேர்த்து ‘போரின் நூறு நாட்கள்’ என்று த்வர்தோவ்ஸ்கியின் ‘நோவி மீர்’ இதழுக்குக் கொடுத்தார். அச்சுக் கோத்தாயிற்று. கிளாவ்லிட் மத்தியக் குழுவுக்கு எழுதிய குறிப்போடு எல்லாம் நின்றது.

இங்கே தணிக்கையை உறுத்தியது நாட்குறிப்பைவிட அதன்மேல் இருபத்தைந்து ஆண்டு கழித்து எழுதிய உரை. 1937இன் கைதுகள் படையை எப்படித் தலையற்றதாக்கின, 1939இல் ஹிட்லரோடு செய்த ஒப்பந்தம் மக்கள் மனத்தில் எத்தகைய மயக்கத்தை விதைத்தது என்று சிமனோவ் கேட்டிருந்தார். அவர் பிரெஷ்னேவுக்கு எழுதியும் பயனில்லை. 1970களில் குறிப்புகளைத் திருத்தி, உரையை மாற்றி, ‘போரின் வெவ்வேறு நாட்கள்’ என்ற பெயரில் வெளியிட்டார். மூல நூல் முழுமையாக 1999இல்தான் வந்தது. அவர் 1979இலேயே இறந்துவிட்டார். அவர் விருப்பப்படி சாம்பல் புய்னிச்சி வயலில் தூவப்பட்டது. அவர் 1960களில் ஜுகோவோடு நடத்திய உரையாடல்களின் பதிவும் 1987இல்தான் ‘ராணுவ வரலாற்று இதழில்’ இடம்பெற்றது.

இதே ஆண்டுகளில் ஒரு நினைவுநூல் மட்டும் எந்த மேசையிலும் தங்கவில்லை. பிரெஷ்னேவின் ‘மலாயா ஜெம்லியா’ 1978இல் ‘நோவி மீர்’ இதழிலேயே வந்தது. பத்திரிகையாளர்கள் எழுதிக் கொடுத்தது. பள்ளிப் பாடமாயிற்று, 1980இல் இலக்கியத்துக்கான லெனின் பரிசு பிரெஷ்னேவின் மூன்று நூல்களுக்குக் கிடைத்தது. ஜுகோவின் நூலில் செருகிய ஒரு வாக்கியம் பத்தாண்டுக்குள் தனிப் புத்தகமாக வளர்ந்துவிட்டது. அந்தக் கரையில் உண்மையாகவே செத்த கடற்படை வீரர்களுக்கு இதனால் நேர்ந்த அநீதி சிறிதல்ல. சோவியத் மக்கள் பிற்பாடு அந்தப் பெயரைக் கேட்டாலே கேலி செய்யத் தொடங்கினார்கள். பொய் புகழ்ந்ததால் மெய்யான தியாகமும் மதிப்பிழந்தது.

எழுதாதவர்கள்

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் மார்ஷல்கள் அல்லது பெயர்பெற்ற எழுத்தாளர்கள். அவர்களுக்கு மூலப்படி இருந்தது, பாதுகாக்கக் குடும்பம் இருந்தது, தேடிவரும் பதிப்பாசிரியர் இருந்தார். போர் முழுவதிலும் சோவியத் படைகளில் இருந்தவர்கள் சுமார் 3.4 கோடிப் பேர். கணக்கு தெரிந்த ராணுவ உயிரிழப்பு மட்டுமே சுமார் 87 லட்சம். மொத்த இழப்பை 1946இல் ஸ்டாலின் 70 லட்சம் என்றார். 1961இல் குருஷேவ் 2 கோடி என்றார். 1990 மே மாதத்தில்தான் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் என்று கோர்பச்சோவ் அறிவித்தார். ஒரு சிப்பாய் தன் கம்பெனியில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எழுதினால், அது நாட்டுத் தலைவரின் எண்ணோடு மோதும். பின்வாங்கினால் சுடப்படுவர் என்ற 1942 ஜூலை 28ஆம் நாளின் 227ஆம் எண் ஆணையைப் படையணிகளில் வாசித்துக் கேட்டவர்கள் லட்சக்கணக்கானோர். அதன் முழு வாசகம் அச்சில் வந்தது 1988இல். காதால் கேட்டதைக்கூட நாற்பத்தாறு ஆண்டுகள் எழுத முடியாதவர்கள், எதைத்தான் எழுதியிருப்பார்கள்?

சிமனோவ் இந்த இழப்பை உணர்ந்திருந்தார். ‘சிப்பாய் நடந்தான்’ என்ற ஆவணப்படத்தை 1975இலும், ‘சிப்பாயின் நினைவுகள்’ என்ற தொலைக்காட்சித் தொடரை அடுத்த ஆண்டிலும் உருவாக்கினார். மூன்று நிலையிலும் புகழ்ப் பதக்கம் பெற்ற சாதாரணச் சிப்பாய்களைக் கேமரா முன் உட்காரவைத்துப் பேசச் செய்தார். அதோடு நில்லாமல், போரில் இருந்த எவரும் தம் நினைவுகளை எழுதி அனுப்பலாம், அச்சிட வேண்டியதில்லை, பொதோல்ஸ்கில் உள்ள பாதுகாப்பு அமைச்சக ஆவணக் காப்பகத்தில் சேமித்து வைத்தால் போதும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதுவும் மறுக்கப்பட்டது. சோவியத் தணிக்கையின் நெடிய வரலாற்றில் இந்த மறுப்பையே நான் மிகக் கொடியதாகக் கருதுகிறேன். எந்த வாசகரும் பார்க்கப்போவதில்லை. எந்த இளைஞர் மனமும் கெடப்போவதில்லை. பூட்டிய அறையில் தாளாகக் கிடக்கப்போகிறது. அப்படியும் எழுதவேண்டாம் என்றார்கள். அன்று ஐம்பதும் அறுபதும் வயதான அந்த மனிதர்கள் அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்தார்கள்.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். ஸ்வெத்லானா அலெக்சியேவிச் 1970களின் இறுதியிலிருந்து பெலாரஸில் ஊர் ஊராகப் போய் முன்னாள் பெண் சிப்பாய்களிடம் பேசினார். குறிபார்த்துச் சுடுபவர், டாங்கி ஓட்டியவர், மருத்துவ உதவியாளர், துணி துவைத்தவர். ‘போருக்குப் பெண்முகம் இல்லை’ 1983இல் முடிந்து, இரண்டு ஆண்டு முடங்கி, 1985இல் புத்தகமாயிற்று. பிற்காலப் பதிப்புகளில் அவர் மூன்று வகைப் பகுதிகளை வெளிப்படையாகச் சேர்த்தார்: தணிக்கை வெட்டியவை, தணிக்கையாளரோடு தனக்கு நடந்த வாக்குவாதம், தானே பயந்து வெட்டியவை. படை நடந்துபோகும் பாதையில் மாதவிலக்கின் இரத்தம் வடிய நடந்த பெண்களைப் பற்றிய பேச்சு, ஜெர்மனியில் நடந்த வன்புணர்வு, பசி, அச்சம் ஆகியவை அவற்றில் உண்டு. வெற்றியை இப்படிச் சிறுமைப்படுத்தலாமா என்பது தணிக்கையாளரின் கேள்வி. மூன்றாவது வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டிய அவரது நேர்மை, ஆய்வு முறையிலும் ஒரு பங்களிப்பு. அதற்கு முன் எவரும் தம் சொந்த வெட்டுகளுக்கு இப்படிக் கணக்குக் கொடுத்ததில்லை.

சிலர் எழுதி வைத்துவிட்டு வாயே திறக்கவில்லை. லெனின்கிராடின் எர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் மேற்கு ஐரோப்பிய ஓவியங்களின் அறிஞராக இருந்த நிகொலாய் நிகூலின் அவர்களில் ஒருவர். 1923இல் பிறந்த அவர், வோல்கவ் போர்முனையில் பொகோஸ்தியே என்ற ரயில் நிலையத்தருகே நடந்த பனிக்காலப் படுகொலைச் சண்டைகளில் தொடங்கி பெர்லின்வரை போனவர். 1975இல் தன் மனச்சுமையை இறக்கி வைக்க எழுதினார். யாருக்காகவும் எழுதவில்லை என்பதால் அந்த எழுத்தில் சேர்ப்பும் இல்லை, தயக்கமும் இல்லை. அடுக்கடுக்காக உறைந்து கிடந்த சடலங்களையும், பயனற்ற தாக்குதலுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட காலாட்படையையும், பின்வரிசையில் கொழுத்தவர்களையும் சொல்கிறார். எர்மிடாஜ் பதிப்பகம் அதை 2007இல் அச்சிட்டது. 2009இல் அவர் இறந்தார். மார்ஷல்களின் நூல்களில் அம்புக்குறியாக வரும் தாக்குதல்கள் தரையிலிருந்து எப்படித் தெரிந்தன என்பதற்கு இதைப் போன்ற சாட்சி மிகக் குறைவு.

1990 ஜூனில் நிறைவேறிய சோவியத் பத்திரிகைச் சட்டம் ஆகஸ்ட் 1 முதல் முன்தணிக்கையை ஒழித்தது. அதன் பிறகு வந்த நூல்களை வைத்துப் பழைய நூல்களை எப்படி வாசிப்பது என்பது தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஒரு நினைவுநூலை மேற்கோள் காட்டும்போது எந்த ஆண்டுப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் அந்த மேற்கோளுக்குப் பொருளில்லை. 1969இன் ஜுகோவும் 1990இன் ஜுகோவும் ஸ்டாலினைப் பற்றி ஒரே கருத்தைச் சொல்லவில்லை. மூலப்படியில் ஸ்டாலினின் போர்த் திறனை மெச்சியதும் உண்டு, அவரால் விளைந்த அழிவைச் சொன்னதும் உண்டு; முதல் பதிப்பில் இரண்டாவது மெலிந்துபோனதால் முதலாவது மட்டும் பெரிதாகக் கேட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தப் போரைப் பற்றி எழுதுவோர் பலர் இன்றும் பழைய பதிப்பின் மொழிபெயர்ப்பிலிருந்தே ஜுகோவை எடுத்தாள்கிறார்கள்.

ஆவணங்களின் கதவும் முழுதாகத் திறந்துவிடவில்லை. 2014 மே மாதத்தில் ருஷ்யக் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்த 354.1 பிரிவு, இரண்டாம் உலகப் போரில் சோவியத் அரசின் செயல்பாடுகள் குறித்து அறிந்தே பொய் பரப்புவதைக் குற்றமாக்கியது. 2021 ஏப்ரலில் அது இன்னும் விரிந்தது. தாய்நாட்டைக் காத்தோரின் நினைவை இழிவுபடுத்துவதற்கு ஐந்தாண்டுவரை சிறை. பொகோஸ்தியேவின் சடலக் குவியல்களைப் பற்றி நிகூலின் எழுதியதை இன்று ஒருவர் புதிதாக எழுதினால், அது சாட்சியமா இழிவா என்று தீர்மானிக்கப்போவது நீதிமன்றம்.